கப்ரியோ தற்கால இசை விழா: ஒத்திகைகளுக்கும் கச்சேரிகளுக்கும் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் கடற்கரை நகரான சான்டா குரூஸில் கோடைதோறும் நடைபெறும் கப்ரியோ தற்கால இசை விழாவைப் பற்றிச் சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் பகுதிகளில் வாழும் தமிழ் நண்பர்களிடம் நான் பேசாத ஆண்டில்லை. மலையைத் தாண்டினால் போதும் என்ற தொலைவில் இருந்தும், “அந்த இசை நமக்குப் புரியுமா?” என்ற தயக்கத்தால் பலர் போவதில்லை. அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் அறிந்த வரையில் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எந்த வகையான விழா? எவ்வளவு காலமாக நடக்கிறது?

1963ஆம் ஆண்டு, சான்டா குரூஸுக்கு அருகிலுள்ள ஆப்டோஸ் என்ற சிற்றூரில், கப்ரியோ கல்லூரியில் இவ்விழா தொடங்கியது. விழாவின் பெயர் அக்கல்லூரியிலிருந்து வந்தது. அதற்கு முன்பே ஆப்டோஸில் ஒரு காப்பிக்கடையில் நடந்துவந்த சிறு கச்சேரிகளும், அவ்வூரில் வாழ்ந்த இசையமைப்பாளர் லூ ஹாரிசனின் தூண்டுதலுமே இதற்கு வித்தாக அமைந்தன. பிற்காலத்தில் விழா சான்டா குரூஸ் நகர மன்ற அரங்கத்துக்கு, அதாவது சிவிக் ஆடிட்டோரியத்துக்கு இடம்பெயர்ந்தது. 1992 முதல் 2016 வரை இருபத்தைந்து பருவங்கள் மேரின் ஆல்சாப் இசை இயக்குநராக, அதாவது விழாவின் இசையை வழிநடத்துபவராக இருந்தார். 2017இல் ருமேனியாவில் பிறந்த கிறிஸ்டியன் மச்செலாரு பொறுப்பேற்றார். ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் முடியும் இரண்டு வாரங்கள்தான் இதன் பருவம்.

“தற்காலச் செவ்வியல் இசை” என்றால் என்ன? அது திரைப்படப் பின்னணி இசை போன்றதா?

வயலின், செல்லோ, புல்லாங்குழல், எக்காளம் முதலிய மேற்கத்திய வாத்தியக்குழுவுக்காக, இன்று வாழ்ந்துகொண்டிருப்பவர்களோ அண்மைக் காலத்தில் வாழ்ந்தவர்களோ எழுதிய இசையே இது. தமிழில் “இசையமைப்பாளர்” என்றதும் திரைப்படமே நினைவுக்கு வருகிறது. “ஆர்க்கெஸ்ட்ரா” என்றதும் திருமண வீட்டு மெல்லிசைக் குழு நினைவுக்கு வருகிறது. இங்கே இரண்டுக்கும் பொருள் வேறு. காட்சியோ பாடல் வரியோ துணைக்கு இல்லாமல், ஒலியை மட்டும் கொண்டு பத்து நிமிடமோ நாற்பது நிமிடமோ நீளும் ஒரு கட்டுமானத்தை இசையமைப்பாளர் தாளில் எழுதுகிறார். அறுபது எழுபது பேர் அதைப் பார்த்து வாசிக்கிறார்கள். அவற்றுள் பல, இவ்விழாவில்தான் முதன்முதலாக ஒலிக்கின்றன.

ஒத்திகைக்கு வெளியாட்கள் போகலாமா? கட்டணம் உண்டா?

போகலாம். வாத்தியக்குழுவின் ஒத்திகைகளைப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவைப்பது இவ்விழாவின் நெடுநாள் வழக்கம். எந்த நாள், எந்த நேரம், எவை திறந்தவை என்பது ஒவ்வோர் ஆண்டும் மாறக்கூடும் என்பதால், அவ்வாண்டின் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும்.

கச்சேரியே இருக்கும்போது ஒத்திகைக்கு ஏன் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். புதிய படைப்பு ஒன்றை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அந்தப் படைப்புக்கும் நியாயமில்லை, கேட்பவருக்கும் நியாயமில்லை. கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது அதற்கு முன் கேட்ட நூறு கல்யாணிகள் நம் காதுக்குள் இருந்து உதவுகின்றன. நேற்று எழுதி முடித்த ஒரு படைப்புக்கு அப்படிப்பட்ட முன்நினைவு எவரிடமும் இல்லை. எனவே அந்த நினைவை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்; அதற்கான இடம் ஒத்திகைதான். ஒரு பகுதியை நான்கு முறை நிறுத்தி நிறுத்தி வாசிக்கக் கேட்டவருக்கு, கச்சேரியில் அந்தப் பகுதி வரும்போது தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டதுபோல் இருக்கும்.

இது புதிய கருத்தும் அன்று. 1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் இசையமைப்பாளர் ஆர்னால்டு ஷோன்பெர்க் நடத்திய கச்சேரி கூச்சலிலும் கைகலப்பிலும் முடிந்தது. அன்று வாசிக்கப்பட்டவற்றுள் பதினைந்து வாத்தியங்களுக்காக அவர் எழுதிய முதல் அறைச் சிம்பொனியும் ஒன்று. ஐந்தாண்டுகள் கழித்து, 1918 ஜூனில், அதே படைப்புக்கு அவர் கச்சேரி என்று ஒன்றை ஏற்பாடு செய்யாமல், பத்துப் பொது ஒத்திகைகளை நடத்தினார். மக்கள் வந்து உட்கார்ந்து, அந்த இசை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்படுவதைக் கேட்டார்கள். அவ்வாண்டின் இறுதியில் அவர் தொடங்கிய தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கத்திலும் ஒரே படைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பது விதியாக இருந்தது. கைதட்டுவதும் கூடாது, எதிர்ப்புக் காட்டுவதும் கூடாது. 1961 அக்டோபரில் ஜெர்மனியின் டோனவ்எஷிங்கன் விழாவில் இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மோஸ்ஃபேர்’ முதன்முதலாக ஒலித்தபோது, அவையோர் விரும்பியதால் அது அங்கேயே இரண்டாம் முறையும் வாசிக்கப்பட்டது. அப்படி ஒரு வாய்ப்பு கச்சேரி மேடையில் மிக அரிதாகவே கிடைக்கும். ஒத்திகையில் அது நாள்தோறும் கிடைக்கிறது.

ஒத்திகையில் உண்மையில் என்னதான் நடக்கும்?

முதலில் ஓபோ என்ற ஊதுவாத்தியத்தை வாசிப்பவர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். இசை நடத்துநர் மேடையேறி, பெரும்பாலும் ஒரு படைப்பை நிறுத்தாமல் ஒருமுறை வாசிக்கச் செய்வார், அல்லது மிகக் கடினமான இடத்திலிருந்தே தொடங்குவார். அதனால் முடிவிலிருந்து முதலுக்கோ, நடுவிலிருந்து இரு புறமோ ஒத்திகை நகர்வதைக் கண்டு குழம்ப வேண்டாம். அரிய வாத்தியங்களை வாசிப்பவர்களை வீணாகக் காக்கவைக்காமல் இருப்பதற்காகவும் வரிசை மாற்றப்படும். பிரதியில், அதாவது இசை எழுதப்பட்ட தாள்களில், குறித்துள்ள எண்ணையோ எழுத்தையோ நடத்துநர் சொன்னதும், எல்லோரும் அந்த இடத்துக்குத் தாவுவார்கள்.

அரங்கின் நடுவில், இருக்கைகளுக்கிடையே, பெரிய பிரதியை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார்; அவர்தான் இசையமைப்பாளர். தன் கணினியிலும் கற்பனையிலும் மட்டும் கேட்டிருந்த ஒலியை, மனிதர்கள் மூச்சாலும் வில்லாலும் எழுப்ப, அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார். நடத்துநர் திரும்பி, “எக்காளங்கள் அதிகமாகக் கேட்கின்றனவா?” என்பார். “இந்த இடத்தில் வைப்ரஃபோனின் தகடுகளை வில்லால் தேய்க்க வேண்டும், அடிக்க வேண்டாம்” என்று, உலோகத் தகடுகள் கொண்ட அந்தத் தாளவாத்தியத்தைப் பற்றி இசையமைப்பாளர் சொல்வார். இரண்டாம் கிளாரினெட்காரர் எழுந்து தன் தாளில் உள்ள ஸ்வரமும் முழுப் பிரதியில் உள்ள ஸ்வரமும் ஒன்றுதானா என்று கேட்பார்; நகலெடுத்ததில் நேர்ந்த பிழை என்று தெரியவரும்; எல்லோரும் பென்சிலை எடுப்பார்கள். முதல் வயலின்காரர் பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்து, வில்லை மேலிருந்து இழுப்பதா கீழிருந்து தள்ளுவதா என்பதைச் சைகையால் முடிவுசெய்வார். சில நேரம் இசையமைப்பாளர் தான் எழுதிய வேகமே தவறு என்று ஒப்புக்கொண்டு அதை மாற்றுவார்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு அதே இடத்தை வாசிக்கக் கேளுங்கள். சற்று முன் சேறாகக் கலங்கிக் கிடந்த ஒலியிலிருந்து ஒரு செல்லோவின் மெட்டு தெளிந்து மேலே வருவதை உங்கள் காதே கண்டுபிடிக்கும். எந்த விரிவுரையும் இந்தப் பாடத்தைக் கற்றுத் தராது என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்த ஒத்திகைக்குப் போவது நல்லது?

இரண்டுக்குப் போக முடியுமானால், ஒரு நிகழ்ச்சிக்கான ஒத்திகைகளுள் தொடக்கத்தில் வருவது ஒன்று, இறுதியில் வருவது ஒன்று. தொடக்க ஒத்திகையில் படைப்பின் எலும்பும் நரம்பும் தெரியும். இறுதி ஒத்திகையில் பெரும்பாலும் நிறுத்தாமல் முழுமையாக வாசிப்பார்கள். அது ஏறத்தாழ ஒரு கச்சேரியேதான். ஒன்றுக்கு மட்டுமே போக முடியுமானால் தொடக்க ஒத்திகையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

எங்கே உட்காரலாம்?

சிவிக் ஆடிட்டோரியம் இசைக்கென்றே கட்டப்பட்ட அரங்கம் அன்று. விளையாட்டுப் போட்டிகளும் நடக்கும் பல்நோக்குக் கட்டடம். சமதளத் தரையில் உட்கார்ந்தால் முன்வரிசை வயலின்காரர்களே கண்ணுக்குப் படுவார்கள். சுற்றிலும் உயர்ந்து செல்லும் இருக்கைகளில் உட்கார்ந்தால் பின்னால் நிற்கும் தாளவாத்தியக்காரர்கள் தெரிவார்கள். தற்கால இசையில் பாதி வேடிக்கை அங்கேதான் இருக்கிறது: ஒரே ஆள் ஒரு படைப்புக்குள் பத்துப் பன்னிரண்டு கருவிகளுக்கிடையே காலடி ஓசை கேட்காமல் நடந்து மாறுவதைப் பார்க்கலாம். ஒத்திகையில் இசையமைப்பாளரின் மேசைக்கு நேர் முன்னும் பின்னும் உள்ள இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒத்திகையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு என்ன?

அது அவர்களுடைய பணியிடம். நாம் அங்கே விருந்தினர். வாசிப்பு நிற்கும் இடைவெளிகளில்தான் மிக முக்கியமான பேச்சு நடக்கிறது என்பதால், இசை நின்றுவிட்டதே என்று பக்கத்திலிருப்பவரோடு பேசத் தொடங்கக் கூடாது. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். வெளியேற வேண்டுமானால், நடத்துநர் நிறுத்தும் நேரத்திலோ, இடைவேளையிலோ எழுந்து போகலாம். அதை எவரும் தவறாக எண்ண மாட்டார்கள். இசைக்கலைஞர்களின் இடைவேளைக்கு நேரக் கணக்கு உண்டு என்பதால், அப்போது அவர்களைச் சூழ்ந்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

கைப்பேசியில் பதிவு செய்யலாமா?

கூடாது. சில நொடிகள்கூட வேண்டாம். இன்னும் அரங்கேறாத படைப்பின் உரிமை இசையமைப்பாளருடையது. இசைக்கலைஞர்களின் சங்க விதிகளும் ஒத்திகைப் பதிவைக் கட்டுப்படுத்துகின்றன. அதைவிட முக்கியமாக, தவறு செய்வதற்குரிய உரிமை ஒத்திகையில் அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்தத் தவறு இணையத்தில் உலவத் தொடங்கினால் அடுத்த ஆண்டு கதவு மூடப்படும்.

கர்நாடக இசை மட்டுமே கேட்டுப் பழகிய நான் இதை எப்படிக் கேட்பது?

முதலில் ராகம் தேடுவதை விட்டுவிடுங்கள். “இது சுபபந்துவராளி மாதிரி இருக்கிறதே” என்று மனம் பிடித்துக்கொண்டால், அடுத்த நொடியே இசை வேறெங்கோ போய்விட, மீதி நேரம் முழுவதும் ஏமாற்றமாகவே இருக்கும். மெட்டைத் தொடர்வதற்குப் பதிலாக ஒலியின் நிறத்தைக் கவனியுங்கள்: எந்த வாத்தியத்தோடு எது சேர்ந்து இந்த ஒலி வந்தது, அது தடிக்கிறதா மெலிகிறதா, முன்பு கேட்ட ஒன்று வேறு உடையில் திரும்ப வருகிறதா?

அதே நேரத்தில், நம்மிடம் மற்றவர்களுக்கு இல்லாத இரண்டு வலிமைகள் இருக்கின்றன. ஒன்று கணக்கு. ஏழும் ஐந்தும் மாறி மாறி வரும் பகுதிகள் தற்கால இசையில் மிகுதி. நடத்துநர் அதை “மூன்று, நான்கு” என்று பிரித்து ஒத்திகை பார்க்கும்போது, “தகிட தகதிமி” என்று மிஸ்ரத்தில் வளர்ந்த காது அதை உடனே பற்றிக்கொள்ளும். மேலைநாட்டு ரசிகர்கள் பலர் தடுமாறும் இடத்தில் நமக்குத் தரை உறுதியாக இருக்கும்.

மற்றொன்று சுருதி. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் சற்று உயர்ந்தது. பன்னிரண்டு ஸ்தானங்களையும் சம இடைவெளியில் வைத்ததன் விளைவு அது. இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுவதும் பொருட்படுத்தியவர் லூ ஹாரிசன். தூய சுருதி இடைவெளிகளில் இசை எழுதியதோடு, தன் துணைவர் வில்லியம் கோல்விக்குடன் சேர்ந்து, இந்தோனேசியாவின் கமெலான் வாத்தியங்களைப் போன்ற ஒரு தொகுதியை உலோகத் தகடுகளையும் குழாய்களையும் கொண்டு அவர் உருவாக்கினார். பழைய கார்களின் பிரேக் டிரம்களையும் தாளவாத்தியமாக்கினார். அவருடைய படைப்பு எதுவேனும் நிகழ்ச்சி நிரலில் இருந்தால், அதிலிருந்து தொடங்குங்கள் என்பதே தமிழ் ரசிகர்களுக்கு என் பரிந்துரை.

எப்போது கைதட்ட வேண்டும்?

நடத்துநரின் கைகள் முழுவதும் கீழே இறங்கிய பிறகு. புதிய படைப்புகள் பெரும்பாலும் மௌனத்தில் கரைந்து முடிவதால், ஒலி நின்றதும் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது; அந்த மௌனமும் எழுதப்பட்டதுதான். ஒரு படைப்பின் பகுதிகளுக்கிடையே கைதட்டுவது வழக்கமில்லை. “ஆஹா”, “சபாஷ்” என்று நடுவில் சொல்லும் நம் அழகிய வழக்கத்துக்கும் இங்கே இடமில்லை. எனக்கே அதை அடக்கிக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. ஒத்திகையில் கைதட்ட வேண்டியதே இல்லை.

ஒரு படைப்பு பிடிக்கவில்லை என்றால்?

பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் கேட்ட புதிய படைப்புகளுள் கணிசமானவை என்னைத் தொடவில்லை. ஆனால் “பிடிக்கவில்லை” என்பதும் “இன்னும் காதில் ஏறவில்லை” என்பதும் வேறு வேறு. இரண்டாம் முறை கேட்டால்தான் எது எது என்று தெரியும். ஒத்திகையிலும் கச்சேரியிலும் கேட்டு, அதன் பிறகும் பிடிக்காவிட்டால், அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இசையமைப்பாளரிடம் பேசலாமா?

பேசலாம், இவ்விழாவின் பெருமைகளுள் அதுவும் ஒன்று. படைப்புகளை எழுதியவர்களில் பலர் நேரில் வந்திருப்பார்கள். கச்சேரியின்போதே மேடையேறி, தங்கள் படைப்பைப் பற்றிச் சில சொற்கள் பேசுவதும் உண்டு. ஒத்திகை முடிந்தபின் அணுகினால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். “இதன் பொருள் என்ன?” என்று கேட்பதைவிட, “நேற்று அந்த இடத்தை ஏன் மெதுவாக்கினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். உரையாடல் முப்பது நொடியில் முடியாது.

வாத்தியக்குழுவினர் யார்?

அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இந்த இரண்டு வாரங்களுக்கென்று வந்து கூடும் தொழில்முறைக் கலைஞர்கள். ஆண்டு முழுவதும் வேறு வேறு குழுக்களில் வாசிப்பவர்கள் தங்கள் கோடை விடுமுறையில் ஒரு பகுதியை இதற்குத் தருகிறார்கள். அவர்களுள் பலரை உள்ளூர் மக்கள் தங்கள் வீடுகளில் தங்கவைக்கிறார்கள். அதனால் பார்வையாளர்களுள் பலருக்கு மேடையில் இருப்பவர் காலையில் தங்கள் வீட்டில் காப்பி குடித்தவராக இருப்பார். அந்த அரங்கத்தில் நிலவும் நெருக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வாத்தியம் கற்கும் பிள்ளைகளுக்கு ஒத்திகையைப் போன்ற பள்ளி வேறில்லை; பெரியவர்களும் தவறுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மீண்டும் தொடங்குகிறார்கள் என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். ஒரு மணி நேரம் அமைதியாக இருக்க முடியாத வயதினரை இரவுக் கச்சேரிக்குக் கொண்டுவருவதை மட்டும் தவிர்க்கலாம்.

எப்படிப் போவது? என்ன உடுத்துவது?

சான் ஹோசேயிலிருந்து 17ஆம் எண் நெடுஞ்சாலை மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிறது. கோடை வாரயிறுதிகளில் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தால் அது அடைத்துக்கொள்ளும் என்பதால், கச்சேரி நேரத்துக்கு வெகு முன்னதாகக் கிளம்புங்கள். கார் வேண்டாம் என்பவர்கள் சான் ஹோசே டிரிடான் ரயில் நிலையத்திலிருந்து சான்டா குரூஸுக்குச் செல்லும் விரைவுப் பேருந்தில் வரலாம். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். உடைக்கு விதி எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். சான் ஹோசேயில் வெயில் கொளுத்தினாலும், சான்டா குரூஸில் ஆகஸ்ட் மாதத்தில்கூடக் கடல் மூட்டம் இறங்கி மாலையில் குளிரும். உணவகங்கள் நிறைந்த பசிஃபிக் அவென்யூ அரங்கத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான்.

வேறு தற்கால இசை விழாக்களிலும் ஒத்திகைகள் இப்படித் திறந்திருக்குமா?

எல்லா இடங்களிலும் இந்த அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1921இல் தொடங்கிய டோனவ்எஷிங்கன் விழா அக்டோபரில் ஒரே வாரயிறுதிக்குள் நடந்து முடிகிறது. இங்கிலாந்தில் 1978 முதல் நடக்கும் ஹடர்ஸ்ஃபீல்டு விழா நவம்பரிலும், 1956இல் தொடங்கிய வார்சா இலையுதிர்கால விழா செப்டம்பரிலும் நடைபெறுகின்றன. இங்கெல்லாம் செல்வோர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து, ஒத்திகைக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காமல் இருந்தால் கிடைக்காது. கேட்டால் சில நேரம் கிடைக்கும்.

கச்சேரிக்குப் பிறகு அதே படைப்பை மீண்டும் எங்கே கேட்கலாம்?

புதிய படைப்புக்கு முதல் அரங்கேற்றத்தைவிட இரண்டாம் அரங்கேற்றம்தான் கடினமானது என்று இத்துறையினர் சொல்வதுண்டு. சில படைப்புகளை இரண்டு மூன்று வாத்தியக்குழுக்கள் சேர்ந்து பணம் போட்டு எழுதச் செய்கின்றன. அப்படியானால் அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் வேறு ஊரில் அது வாசிக்கப்படும். நிகழ்ச்சிக் குறிப்பில் அந்தக் குழுக்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். இசையமைப்பாளர்கள் பலர் தங்கள் வலைத்தளத்தில் பதிவுகளையும், சிலர் பிரதியையும் வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் இல்லாத படைப்புகளும் உண்டு. அவற்றை ஒத்திகையிலும் கச்சேரியிலுமாக அந்த வாரத்தில் கேட்டவர்கள் மட்டுமே கேட்டிருப்பார்கள்.